50 மைக்ரான் பூச்சு இருந்தும் அலுமினிய டிரம்மை நூல் வெட்டியது ஏன்?

மதுரைக்குத் தெற்கே, கப்பலூரைத் தாண்டித் திருமங்கலம் போகும் பக்கத்தில் ஒரு சிறிய தையல்நூல் யூனிட். சாயம் ஏற்றிய பாலியஸ்டர் நூலை வாங்கி, மெழுகு கொடுத்து, கோனில் சுற்றி விற்பது அவர்கள் தொழில். அங்கே புதிதாகப் போட்ட அலுமினிய டிரம்கள் சில மாதங்களிலேயே தேய்ந்துபோயின. தேய்ந்த இடங்களில் வெள்ளையாகப் பூக்கவும் செய்தன. சர்டிபிகேட்டில் ஹார்ட் அனோடைசிங் (அமிலத் தொட்டியில் மின்சாரம் செலுத்தி, அலுமினியத்தின் மேற்பரப்பையே கடினமான ஆக்சைடாக மாற்றும் முறை) 50 மைக்ரான், அதாவது 0.05 மி.மீ., என்று தெளிவாக எழுதியிருந்தது. அப்படியும் ஏன் இப்படி ஆனது என்று பார்த்ததன் பதிவு இது. யூனிட்டின் பெயரும், பூச்சு போட்டுக் கொடுத்த பட்டறையின் பெயரும் இங்கே தேவையில்லை.

முதலில் டிரம் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். கோன் வைண்டிங் மெஷினில் ஒவ்வொரு கோனுக்கும் கீழே ஒரு சாண் நீள உருளை சுற்றும். அதன் மேல் திருகுமரை போல ஒரு பள்ளம் இடமிருந்து வலம் போய், அங்கிருந்து திரும்பி வரும். நூல் அந்தப் பள்ளத்தில் விழுந்து அப்படியும் இப்படியும் அலைந்து கோனில் ஏறும். டிரம்மோடு ஒட்டி உராய்வதால்தான் கோனே சுற்றுகிறது. போகிற பள்ளமும் வருகிற பள்ளமும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் இடங்களும் உண்டு. இந்த வெட்டுமுனைகளைப் பற்றித்தான் பின்னால் நிறையப் பேசப்போகிறோம்.

இதற்கு அலுமினியம் எதற்கு, இரும்பிலேயே செய்யலாமே என்று கேட்கலாம். நூல் ஒரே தடத்தில் மேலும் மேலும் விழுந்தால் கோனில் பட்டைபட்டையாகக் கட்டிக்கொள்ளும். அதைத் தவிர்க்க, டிரம்மின் வேகத்தை மெஷின் விட்டுவிட்டுக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருக்கும். எடை கூடின டிரம் அந்த ஆட்டத்துக்கு ஈடுகொடுக்காது. இரும்பின் அடர்த்தி கிட்டத்தட்ட 7.85, அலுமினியம் 2.7. மூன்றில் ஒரு பங்கு எடை என்றால் மோட்டாருக்கும் பெல்ட்டுக்கும் அவ்வளவு நிம்மதி. ஆனால் வெறும் அலுமினியம் மென்மையானது. நூல் பட்டால் தாங்காது. ஆகவே மேலே கடினமான ஒரு தோல் வேண்டும்.

நூல் போய் உலோகத்தை வெட்டுமா என்பவர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். நிமிடத்துக்கு 800 மீட்டர் வேகத்தில் நாளைக்கு 20 மணி நேரம் ஓடினால், ஒரு டிரம்மின் பள்ளத்தின் வழியே போகும் நூல் 960 கிலோமீட்டர். மதுரையிலிருந்து சென்னைக்குப் போய்த் திரும்பி வந்தாலும் மிச்சம் இருக்கும். அதுவும் ஒரே தடத்தில், தினமும். போதாக்குறைக்கு, பாலியஸ்டரின் பளபளப்பைக் குறைப்பதற்காக இழை தயாரிக்கும்போதே டைட்டானியம் டை ஆக்சைடு தூளைச் சேர்த்திருப்பார்கள். செமி டல் என்று விற்கும் ரகத்தில் இது 0.3 சதவீதம் அளவில் இருக்கும். கொஞ்சம்தான், ஆனால் அலுமினியத்தைவிட அந்தத் தூள் எவ்வளவோ கடினம். கைக்குப் பட்டுபோல வழுக்கும் நூல், டிரம்முக்கு மெல்லிய அரம்.

யூனிட்டில் முன்பு இருந்த டிரம்கள் மெஷினோடு வந்தவை. அவை தேய்ந்ததும், அதே அளவில் உள்ளூரிலேயே சிஎன்சியில் (கணினி இயக்கும் கடைசல் மெஷினில்) கடைந்து வாங்கினார்கள். பொருள் எச்இ30 கம்பி, அதாவது 6082 என்ற அலுமினியக் கலவை. பிறகு ஹார்ட் அனோடைசிங். பளபளவென்று கரும்சாம்பல் நிறத்தில் வந்து இறங்கியபோது எல்லோருக்கும் திருப்திதான்.

குறையை முதலில் கண்டுபிடித்தது மெஷின் ஓட்டும் அக்கா ஒருவர். ஒரு குறிப்பிட்ட வரிசையில் மட்டும் நூல் அடிக்கடி அறுகிறது, பஞ்சு பஞ்சாகப் பிசிறு எழும்புகிறது என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தாராம். டென்ஷனைக் குறைத்துப் பார்த்தார்கள், மெழுகை மாற்றிப் பார்த்தார்கள். நாங்கள் போனபோது அவரே மெஷினை நிறுத்தி, கட்டைவிரல் நகத்தைப் பள்ளத்தின் விளிம்பில் வைத்து மெல்ல இழுத்துக் காட்டினார். வெட்டுமுனை வந்ததும் நகம் டக்கென்று நின்றது. "இங்க மாட்டுது பாருங்க சார். நகத்துக்கே மாட்டுனா நூலுக்கு மாட்டாதா?" ஒவ்வொரு டிரம்மாக நகத்தை ஓட்டினோம். பழுதெல்லாம் கிட்டத்தட்ட ஒரே இடத்தில்: வெட்டுமுனைகளிலும் நூல் திரும்பும் ஓரங்களிலும். பள்ளத்தின் நடுப்பகுதியில் பூச்சு நன்றாகவே இருந்தது. டிரம்மின் வெளிப்பரப்பு புதிதுபோல இருந்தது.

லென்ஸ் வைத்துப் பார்த்தால் விளிம்பில் பூச்சு பெயர்ந்து, அடியில் வெள்ளி நிறத்தில் உலோகம் தெரிந்தது. அதில் நூல் அறுத்த மெல்லிய காடிகள். சில டிரம்களில் அந்தக் காடியைச் சுற்றி வெள்ளைத் தூள்.

பட்டறையா, பொருளா?

இந்த மாதிரி நேரத்தில் முதல் சந்தேகம் பூச்சு போட்டவர் மேல்தான் போகும். முதலாளிக்கும் அப்படித்தான். "மைக்ரான்ல ஏமாத்திட்டாங்கய்யா" என்று அவர் அடித்துச் சொன்னார். பூச்சின் தடிமன் காட்டும் எடி கரண்ட் மீட்டரை வைத்து வெளிப்பரப்பை அளந்தோம். 50-ஐ ஒட்டியே காட்டியது. ஏமாற்றவில்லை.

அடுத்த சந்தேகம், கம்பி மாறிப்போயிருக்குமோ என்பது. இது அசட்டுச் சந்தேகம் இல்லை. கடையில் எச்இ30 கேட்டால் எச்இ15 கைமாறி வந்துவிடுவது உண்டு. எச்இ15 என்பது 2014. அதில் 4 முதல் 5 சதவீதம் வரை செம்பு இருக்கும். செம்பு நிறைந்த கலவையில் ஹார்ட் அனோடைசிங் சரியாகப் பிடிக்காது, சில நேரம் பாத்திலேயே (அமிலத் தொட்டியிலேயே) எரிந்துபோகும், வந்தாலும் பூச்சு மென்மையாக இருக்கும். 6082-ல் செம்பு 0.1 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது.

இதைப் பார்க்க லேப் வரை ஓட வேண்டியதில்லை. டிரம் கடைந்தபோது மிஞ்சிய கம்பித்துண்டு ஒன்று பட்டறை மூலையில் கிடந்தது. எமரி தாளால் ஒரு ரூபாய் அளவுக்கு நன்றாகத் தேய்த்து, காஸ்டிக் சோடா கரைசலை ஒரு சொட்டு விட்டோம். நுரைத்தது. கொஞ்ச நேரம் விட்டுக் கழுவிப் பார்த்தால் அந்த இடம் வெளுப்பாகவே இருந்தது. செம்பு நிறைய இருந்திருந்தால் மசி பூசியதுபோலக் கறுத்திருக்கும். பக்கத்திலேயே தெரிந்த எச்இ15 துண்டு ஒன்றில் இன்னொரு சொட்டு விட்டோம், அது கரியாகிவிட்டது. கையுறை போட்டுக்கொண்டு செய்ய வேண்டும், கண்ணுக்கும் காப்பு வேண்டும். மற்றபடி இதைவிடச் சுலபமான சோதனை கிடையாது. அலுமினியக் கம்பி வாங்கும் எல்லாப் பட்டறையிலும் இது வழக்கமாகிவிட்டால் பாதிச் சண்டைகள் குறையும். ஆனால் காஸ்டிக் சொட்டு 6082-ஐயும் 6061-ஐயும் பிரித்துச் சொல்லாது. இந்த வேலைக்கு அது பெரிய விஷயமும் இல்லை.

மூன்றாவது சந்தேகம் எங்களுடையது. டிரம்கள் பூச்சுக்குப் போனது சித்திரை மாதம். ஹார்ட் அனோடைசிங்கின் உயிரே குளிர்தான். சாதாரண அலங்கார அனோடைசிங்கைக் கந்தக அமில பாத்தில் 20 டிகிரி செல்சியஸை ஒட்டிச் செய்யலாம். ஹார்டுக்கு அதே அமிலம் 0 முதல் 5 டிகிரிக்குள் இருக்க வேண்டும், மின்னோட்டமும் சதுர டெசிமீட்டருக்கு 2 முதல் 4 ஆம்பியர் வரை கொடுக்க வேண்டும். ஆக்சைடு வளர வளர ஒரு பக்கம் அமிலம் அதைக் கரைத்துக்கொண்டும் இருக்கும். குளிரில் கரைவது மெதுவாகும், பூச்சு இறுகும். மதுரை வெயிலில் சில்லர் திணறி, பாத் சில டிகிரி ஏறினாலே போதும், மைக்ரான் வந்துவிடும், கடினம் வராது. மீட்டரில் 50 காட்டும் பூச்சு மாவாக இருக்கலாம்.

இதற்கு டிரம்மை அறுத்துத்தான் பார்க்க வேண்டும். முதலாளி மனமில்லாமல், ஏற்கெனவே பாழாய்ப்போன ஒன்றை எடுத்துக் கொடுத்தார். குறுக்கே வெட்டி, பேக்லைட்டில் பதித்து, மெருகேற்றி, விக்கர்ஸ் மைக்ரோ கடினம் (நுண்ணிய வைர முனையை அழுத்திக் கடினத்தை அளக்கும் முறை) பார்த்தோம். இந்த வகைக் கலவைக்கு, ஹார்ட் அனோடைசிங்குக்கான சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 10074 கேட்பது குறைந்தது 400. அது கிடைத்தது. பட்டறைக்காரர் பிழைத்தார்.

வெட்டிப் பார்த்தபோது தெரிந்தது

அதே துண்டை மைக்ரோஸ்கோப்பில் வைத்ததும் பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. டிரம்மின் வெளிப்பரப்பில் பூச்சு ஒரே சீராக ஓடுகிறது. பள்ளத்தின் விளிம்பில் வந்து திரும்பும் இடத்தில் மட்டும் ஆப்பு வடிவத்தில் ஒரு பிளவு. உலோகம் வரைக்கும் போகிறது.

பெயின்ட் என்றால் மேலே பூசுவது. அனோடைசிங் அப்படி இல்லை, உலோகமே ஆக்சைடாக மாறி வளர்கிறது. 50 மைக்ரான் ஹார்ட் கோட்டில் ஏறக்குறைய பாதி உள்ளே போகும், பாதி வெளியே எழும்பும். வளர்ச்சி எப்போதும் பரப்புக்குச் செங்குத்தாகத்தான் நடக்கும். தட்டையான இடத்தில் இதனால் ஒரு தொந்தரவும் இல்லை. கூரான வெளிமூலையில் என்ன ஆகும்? இந்தப் பக்கத்துப் படலம் மேல்நோக்கி வளரும், அந்தப் பக்கத்துப் படலம் பக்கவாட்டில் வளரும். இரண்டும் ஒன்றை விட்டு ஒன்று விலகிப் போகும். நடுவில் நிரப்ப ஆள் இல்லை. மூலை எவ்வளவு கூர்மையோ, பூச்சு எவ்வளவு தடிமனோ, அந்தப் பிளவும் அவ்வளவு பெரிது. நூல் இழுத்துக்கொண்டே ஓடுவது சரியாக அந்த மூலையில்தான். மொடமொடப்பான ஆக்சைடு அங்கே ஓரத்தாங்கல் இல்லாமல் நிற்கிறது. நூல் அழுத்த அழுத்தச் சில்லு சில்லாகப் பெயர்கிறது. பெயர்ந்த சில்லும் சும்மா இருப்பதில்லை. அது அலுமினா, சாணைக்கல்லில் இருக்கும் அதே பொருள். நூலில் ஒட்டிக்கொண்டு அடுத்த சில்லைப் பெயர்க்கிறது.

இது யாரும் புதிதாகக் கண்டுபிடித்த சங்கதி இல்லை. அனோடைசிங்குக்கு உலகமெங்கும் மேற்கோள் காட்டப்படும் அமெரிக்க ராணுவத் தரக்குறிப்பு 8625 இதற்கென்றே ஓர் அட்டவணை தருகிறது. மெட்ரிக்கில் சொன்னால், 25 மைக்ரான் பூச்சுக்கு மூலையை 0.8 மி.மீ. ஆரத்துக்கு உருட்ட வேண்டும், 50-க்கு 1.6, 75-க்கு 2.4, 100-க்கு 3.2. எங்கள் டிரம்மின் வரைபடத்தில் விளிம்புக்கு ஆரமே போடவில்லை. "ஷார்ப் எட்ஜ் எடுக்கவும்" என்று ஒரு வரி மட்டும் இருந்தது. சிஎன்சிக்காரர் பிசிறை அரத்தால் தட்டிவிட்டு அனுப்பியிருக்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. பூச்சுக்காரரும் வந்ததைத் தொங்கவிட்டு எடுத்திருக்கிறார். சர்டிபிகேட்டுக்கு அளந்தது வெளிப்பரப்பு. மீட்டரின் முனை பள்ளத்துக்குள் நுழையாது, விளிம்பில் நிற்கவும் செய்யாது. பழுதாகும் இடத்தை யாரும் அளக்கவே இல்லை.

வெள்ளைத் தூள்

விளிம்புப் பிளவு தேய்மானத்தைச் சொல்லிவிட்டது. பூத்ததை அது சொல்லவில்லை.

வெள்ளையாக எதைப் பார்த்தாலும் அலுமினியம் பூத்துவிட்டது என்று முடிவு கட்டக்கூடாது, நூல் யூனிட்டில் இன்னும் கூடாது. சாயம் ஏற்றிய பாலியஸ்டரிலிருந்து ஆலிகோமர் என்ற வெள்ளைத் தூள் உதிரும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். சுரண்டி எடுத்த தூளில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டோம். அலுமினியத்தின் ஹைட்ராக்சைடு அதில் கரையும், ஆலிகோமர் மிதந்துகொண்டிருக்கும். பள்ளத்தின் நடுவில் எடுத்த தூள் பெரும்பாலும் கரையவில்லை. விளிம்புக் காடிகளில் எடுத்தது நன்றாகவே கரைந்தது. ஆக, அரிப்பும் இருக்கிறது, அதுவும் பூச்சு போன இடத்தில்தான்.

அலுமினியம் காற்றில் தானாகவே ஒரு மெல்லிய ஆக்சைடு போர்வையைப் போர்த்திக்கொள்ளும். தண்ணீரின் பிஎச் (அமிலமா காரமா என்று காட்டும் அளவு, 7 நடுநிலை) 4-க்கும் 8.5-க்கும் இடையில் இருக்கும்வரை அந்தப் போர்வை தாங்கும். அதைக் கிழிப்பவை இரண்டு: குளோரைடு உப்பும், காரமும். இந்த யூனிட்டில் இரண்டும் இருந்தன.

உப்பு வந்த வழி ஹியூமிடிஃபயர். நூல் உலர்ந்தால் நிலைமின்சாரம் ஏறிப் பிசிறு எழும்பும் என்பதால் ஹாலில் ஈரப்பதம் காக்க வேண்டும். தெளிக்கும் தண்ணீர் போர் தண்ணீர். அந்தப் பக்கத்து போர்களில் பல உப்புதான், வாயில் வைத்தாலே தெரியும். அளந்து பார்த்ததில் குளோரைடு, குடிநீருக்கு இந்தியத் தரநிலை ஏற்கும் லிட்டருக்கு 250 மில்லிகிராமைத் தாண்டியிருந்தது. முதலாளி இதை ஒத்துக்கொள்ளவில்லை. "சாஃப்ட்னர் போட்டிருக்கேன்ல, தண்ணி சுத்தமாத்தான் போகுது" என்றார். இந்த ஊரில் பல யூனிட்களில் இதே நம்பிக்கையைப் பார்த்திருக்கிறேன். சாஃப்ட்னர் செய்வது ஒரே வேலை: கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு அதற்குப் பதில் சோடியத்தை விடுவது. பைப்பில் உப்புப் படியாது, சோப்பு நுரைக்கும். குளோரைடு வந்த அளவே போகும். அலுமினியத்துக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. நுண்துளியாகக் காற்றில் வந்து டிரம்மில் படிந்து, தண்ணீர் ஆவியானதும் உப்பு மட்டும் தங்குகிறது. மறுபடி ஈரம் பட்டதும் வேலையைத் தொடங்குகிறது. பூச்சில் பிளவு இருக்கும் இடத்தில் ஒரு சிறு குழி விழுந்தால், குழிக்குள் தண்ணீர் அமிலமாகி, அது இன்னும் குளோரைடை உள்ளே இழுத்து, தன்னால் ஆழமாகிக்கொண்டே போகும்.

காரம் வந்த வழிதான் எங்களுக்கு எதிர்பாராதது. மூத்த ஃபிட்டரிடம் டிரம்மை எப்படிச் சுத்தம் செய்கிறீர்கள் என்று கேட்டேன்.

"மெழுகும் பிசுக்கும் ஏறிக்கும் சார். சோடா உப்பு கலந்த சுடுதண்ணில பிரஷ்ஷை முக்கித் தேச்சா பளிச்சுனு ஆயிரும்."

"எல்லா மெஷினுமாண்ணே?"

"பகல் ஷிப்டுல நாங்க பாக்குற மெஷினுக்குத்தான். அந்தக் கடைசி மெஷின் பொம்பளைப்புள்ளைக பாக்குறது, துணியால துடைச்சு விட்ருவாக."

சலவைச் சோடாவை 1 சதவீதம் கரைத்தாலே பிஎச் 11-ஐத் தாண்டிவிடும். அனோடைசிங் ஆக்சைடு எவ்வளவு கடினமாக இருந்தாலும் காரத்தில் கரையும். பூச்சை உரித்தெடுக்க விரும்பும் பட்டறைக்காரர் காஸ்டிக்கைத்தானே தேடுகிறார்? வெளிப்பரப்பைத் துடைத்துவிடுவார்கள், பள்ளத்தில் தங்கும் சோடாத் தண்ணீரை யாரும் துடைப்பதில்லை. கடைசி மெஷினிலிருந்து ஒரு டிரம்மையும் வாங்கி அறுத்துப் பார்த்தோம். அதே பட்டறை, அதே லாட். அதன் பள்ளச் சுவரில் பூச்சு கிட்டத்தட்ட முழுசாக இருந்தது. சோடா கண்ட டிரம்மின் சுவரில் அது மெலிந்து, மேற்பரப்பு சொரசொரத்திருந்தது. விளிம்புப் பிளவு இரண்டிலும் இருந்தது. ஆனால் கடைசி மெஷினில் அது இன்னும் பெரிதாகப் பெயரவில்லை, வெள்ளைத் தூளும் குறைவு. யாரும் திட்டமிடாமல் இப்படி ஓர் ஒப்பீடு தானாக அமைவது அதிர்ஷ்டம்.

நடுவில் ஒரு சின்ன விஷயம்: டிரம்மை ஷாஃப்ட்டில் இறுக்கும் ஸ்க்ரூவைச் சுற்றியும் பூத்திருந்தது. துருப்பிடிக்கக் கூடாது என்று ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போட்டிருந்தார்கள். ஈரமும் உப்பும் இருக்கும் இடத்தில் ஸ்டெயின்லெஸ்ஸும் அலுமினியமும் நேராக ஒட்டினால் பேட்டரிபோல வேலை செய்து அலுமினியம்தான் கரையும். நைலான் வாஷரும் கிரீசும் போட்டு முடித்தோம்.

மாற்று என்னென்ன இருந்தன

மறுபடி ஹார்ட் அனோடைசிங்கே போடுவதா, வேறு பூச்சுக்குப் போவதா என்று கொஞ்சம் யோசித்தோம்.

எலக்ட்ரோலெஸ் நிக்கல் கவர்ச்சியாக இருந்தது. மின்சாரம் இல்லாமல் வேதிவினையாலேயே படிவதால் பள்ளம், விளிம்பு, மூலை எல்லா இடத்திலும் ஒரே தடிமன் வரும். மூலைப் பிளவு என்ற பேச்சே இல்லை. பாஸ்பரஸ் அதிகமாக உள்ள ரகம் அரிப்பையும் நன்றாகத் தாங்கும். குறைகள் இரண்டு. படிந்தபடியே விட்டால் கடினம் 500 விக்கர்ஸை ஒட்டித்தான் இருக்கும். இரும்புச் சாமான் என்றால் 400 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து 900-க்கு மேல் ஏற்றலாம். அந்தச் சூட்டில் 6082-ன் வலுவே போய்விடும். இரண்டாவது குறை இன்னும் மோசம். நிக்கல் அலுமினியத்தைவிட மின்வேதியியல்படி மேல்சாதி. பூச்சில் ஊசிமுனை ஓட்டை ஒன்று இருந்தாலும் அடியில் இருக்கும் அலுமினியத்தை அது வேகமாகக் கரைய வைக்கும். அனோடைசிங் ஆக்சைடில் ஓட்டை விழுந்தால் அந்த இடம் மட்டும் பாதிக்கும். நிக்கலில் ஓட்டை விழுந்தால் சுற்றியிருக்கும் பூச்சே எதிரி. உப்புக் காற்றுள்ள ஹாலில் இது நல்ல சூதாட்டம் இல்லை. இருந்தாலும் ஆசைக்குச் சில டிரம்களுக்குப் போட்டுப் பார்த்தோம்.

பிளாஸ்மா எலக்ட்ரோலிடிக் ஆக்சிடேஷன் என்பது அனோடைசிங்கின் அண்ணன். காரக் கரைசலில் பல நூறு வோல்ட் கொடுத்து, பரப்பெங்கும் நுண்பொறிகள் பறக்க, ஆக்சைடையே உருக்கி உறைய வைக்கிறது. ஆல்பா அலுமினா உருவாவதால் உள்படலம் 1000 விக்கர்ஸைத் தாண்டும். ஹார்ட் அனோடைசிங் அவ்வளவாகப் பிடிக்காத சிலிக்கன் மிகுந்த வார்ப்பு அலுமினியத்திலும், மக்னீசியத்திலும்கூட நன்றாக வரும். எனக்குத் தனிப்பட்ட முறையில் பிடித்த பூச்சு இதுதான். ஆனால் மேல்படலம் நுண்துளைகளோடு சொரசொரப்பாக வரும், நூல் ஓட வேண்டுமென்றால் அதைத் தேய்த்து எடுக்க வேண்டும். வளைந்து நெளிந்து போகும் பள்ளத்துக்குள் அதை யார் தேய்ப்பது? கேட்ட விலையும் புதிய டிரம் விலையை நெருங்கியது.

பிளாஸ்மா ஸ்ப்ரே செராமிக், டெக்ஸ்டைல் உருளைகளுக்கு வழக்கமாகப் போடுவதுதான். ஆனால் துப்பாக்கியின் பார்வை படும் இடத்தில்தான் பூச்சு படும். ஆழமான பள்ளத்தின் செங்குத்துச் சுவருக்கு ஆகாது.

முதலாளிக்கு இன்னொரு யோசனை இருந்தது. "50-க்குப் பதிலா 80 போடச் சொல்லுவமா?" எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். மேலே சொன்ன அட்டவணையைப் பார்த்தாலே விடை தெரியும். மூலையைத் தொடாமல் மைக்ரானை ஏற்றினால் பிளவுதான் பெரிதாகும். நாங்கள் எதிர்ப்பக்கம் போனோம்.

செய்தது

50 மைக்ரானுக்குப் பொருத்தமான 1.6 மி.மீ. ஆரத்தை விளிம்பெங்கும் கொடுக்கப் பார்த்தால் வெட்டுமுனையில் சிக்கல். அங்கே விளிம்பு அவ்வளவு உருண்டால் நூல் தன் பள்ளத்தை விட்டுக் குறுக்கே போகும் பள்ளத்துக்குத் தாவிவிடும். சிஎன்சிக்காரரும் நாங்களும் உட்கார்ந்து பேசி, வெட்டுமுனையில் தாங்கக்கூடியது 0.8 மி.மீ. என்று முடிவானது. 0.8-க்கு ஏற்றது 25 மைக்ரான். ஆக, பூச்சை 50-லிருந்து 25-30-க்குக் குறைத்தோம். காசு கொடுத்துத் தடிமனைக் குறைப்பதா என்று முதலாளி முகம் சுளித்தார். பூச்சுக்காரருக்கு மட்டும் பாத்தில் கிடக்கும் நேரம் பாதியானதால் சந்தோஷம்.

உருட்டியதோடு நிறுத்தவில்லை. கடைந்த தடம் பூச்சுக்கு அடியில் இருந்தால் மேலேயும் அப்படியே தெரியும், கூடுதலாகவே தெரியும். ஆகவே பள்ளம் முழுவதையும் பஃப் அடித்து வழவழப்பாக்கிய பிறகே பாத்துக்கு அனுப்ப வேண்டும் என்று வரைபடத்தில் எழுதினோம். பாத்தில் பள்ளங்களுக்குள் அமிலம் நன்றாக அலைந்து சூட்டை எடுத்துச் செல்லும்படி டிரம்மைச் சாய்த்து மாட்டச் சொன்னோம்.

சீல் செய்வதா வேண்டாமா என்பது அடுத்த பஞ்சாயத்து. அனோடைசிங் படலம் இயல்பில் நுண்துளை நிறைந்தது. கொதிக்கும் தண்ணீரில் வைத்தால் துளைகள் அடைபட்டு அரிப்புக்குக் கெட்டியாகும், ஆனால் தேய்மானம் தாங்கும் திறன் கணிசமாகக் குறையும். போதாததற்கு, அலுமினியம் சூட்டில் விரியும் அளவுக்கு ஆக்சைடு விரியாது, நான்கில் ஒரு பங்குதான். சூடேறினால் பூச்சில் மயிரிழை வெடிப்புகள் விழும். துளைகளில் பிடிஎஃப்இ (டெஃப்லான் என்று விற்கும் வழுக்கும் பிளாஸ்டிக்) ஏற்றும் முறையைத் தேர்ந்தோம். அது குளோரைடுக்கு முழுக் காப்பு இல்லை என்று தெரிந்தேதான் செய்தோம். உராய்வு குறைவதும் மெழுகு ஒட்டாமல் போவதும் எங்களுக்குத் தேவையாக இருந்தன. மெழுகு ஒட்டவில்லை என்றால் சோடாவுக்கு வேலை இல்லை.

தண்ணீருக்கு ஒரு சிறு ஆர்ஓ போட்டு, ஹியூமிடிஃபயருக்கு மட்டும் அதைத் திருப்பினோம். சோடா டப்பாவை எடுத்துவிட்டுக் காரமில்லாத லிக்விட் சோப்பு வைத்தோம். உத்தரவு போட்டால் ஃபிட்டர் கேட்க மாட்டார் என்று தெரியும். எனவே அவர் முன்னாலேயே அனோடைஸ் செய்த துண்டு ஒன்றைச் சோடாச் சுடுதண்ணீரில் போட்டு வைத்துவிட்டு டீ குடிக்கப் போனோம். திரும்பி வந்து பார்த்தபோது கரும்சாம்பல் நிறம் வெளிறி, கைவைத்தால் விரலில் ஒட்டியது. "அடப்பாவி, நாமளே உரிச்சுக்கிட்டு இருந்திருக்கோம்" என்றார். அதற்கப்புறம் சோடாவைப் பற்றி யாரும் அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இப்போது

புதிய டிரம்கள் முன்னவை பெயர்ந்த காலத்தைக் கடந்து ஓடிக்கொண்டிருக்கின்றன. நகம் மாட்டவில்லை. வெள்ளைத் தூள் வருகிறது, அமிலம் விட்டால் கரைவதில்லை. அது ஆலிகோமர், சாயப்பட்டறையின் பங்கு.

நிக்கல் போட்ட டிரம்களின் விளிம்பு அப்பழுக்கில்லாமல் இருக்கிறது, அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் ஒன்றில் ஸ்க்ரூ துளையை ஒட்டி நிக்கல் கொப்புளித்திருக்கிறது. ஊசியால் குத்தினால் அடியில் வெள்ளை மாவு. நிக்கல் படிவதற்கு முன் துத்தநாகப் படலம் ஒன்று கொடுப்பார்கள், அது துளைக்குள் சரியாகப் பிடிக்காமல் போயிருக்கலாம். வீணான நிக்கல் கரைசலைச் சுத்திகரிக்கும் வசதி உள்ள பட்டறைகளும் பக்கத்தில் குறைவு. இந்த வழியில் மேலே போவதாக இல்லை.

பூச்சு சம்பந்தமாகச் சந்தேகம் வந்தால் எங்கே போவது என்று கேட்பவர்களுக்கு: காரைக்குடி சிக்ரி மதுரையிலிருந்து ஒரு பஸ் தூரம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-ல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1953-ல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம். அரிப்பும் உலோகப் பூச்சும் அங்கே தொடக்கத்திலிருந்தே முக்கியத் துறைகள். மண்டபம் முகாமின் கடற்காற்றில் உலோகத் தகடுகளை வைத்து அரிப்பைப் பார்க்கும் நிலையமும் அவர்களுக்கு உண்டு. சின்ன யூனிட்டுக்காரர்கள் அந்தப் பக்கமே போவதில்லை, ஏனென்று எனக்குப் புரிந்ததில்லை.

பூச்சுக்காரரிடம் இனி வாங்கும் சர்டிபிகேட்டின் வடிவத்தையும் மாற்றியிருக்கிறோம். வெளிப்பரப்பு மைக்ரானோடு, ஒவ்வொரு லாட்டிலும் டிரம்மின் அதே பள்ளமும் அதே விளிம்பும் கொண்ட ஒரு குட்டித் துண்டு பாத்தில் கூடவே போக வேண்டும். அதை அறுத்து விளிம்பின் மைக்ரோஸ்கோப் படத்தை ஒட்டித் தர வேண்டும். கூடுதல் செலவை யார் ஏற்பது என்று இழுபறி நடந்து, பாதிப் பாதி என்று முடிந்தது.